நானும் இறங்கியிருப்பேன்

தேவராஜ் இறந்த அன்று சாயங்காலத்துக்குள், அவனைப் பார்த்தே இராத பலர் அவனைப் பற்றித் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். எழுதியவர்கள் எல்லோரும் நம் தொழில்காரர்கள்தான். பாதுகாப்பு அலுவலர்கள், பயிற்சியாளர்கள், ஆலோசகர்கள். எழுதிய இடம் நானும் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழு. தேவராஜ் வேலை பார்த்த தோல் தொழிற்சாலைக்குப் பாதுகாப்பு அலுவலராக இருந்தவன் நான்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குச் சட்டமும் கருவிகளும் வகுப்பிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். ஒரு சாவு நடந்த பிறகு அதைப் பற்றி எப்படிப் பேசுவது என்று எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை. சிலர் நடந்துகொண்டதைப் பக்கத்திலிருந்து பார்த்ததில்தான் அது எனக்குத் தெரிந்தது. அவர்களை நினைத்தால் இன்றும் மனம் நிறைந்துவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆம்பூருக்குச் சற்று வெளியே இருந்தது எங்கள் தொழிற்சாலை. அன்று ஞாயிற்றுக்கிழமை, உற்பத்தி இல்லை. கழிவுநீர்த் தொட்டியில் பம்ப் அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுக்க சலீம் என்கிற தொழிலாளி உள்ளே இறங்கினான். தோல் கழிவு தேங்கிய தொட்டியில் விஷவாயு சேர்ந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஏணியின் கடைசிப் படியிலேயே அவன் சுருண்டு விழுந்தான். மேலே நின்ற தேவராஜ் அதைப் பார்த்தான். சுற்றி நின்றவர்கள் கத்துவதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டான். சலீமைத் தோளில் தாங்கி ஏணியில் மேலே தூக்கிக் கொடுத்தான். மேலிருந்தவர்கள் சலீமின் சட்டையையும் கையையும் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். தேவராஜால் ஏற முடியவில்லை. நான் மறுகோடியிலிருந்த கிடங்கிலிருந்து மூச்சுக் கருவியோடு ஓடிவந்து, அவனை மேலே கொண்டுவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவர்கள் இருவரையும் தொழிற்சாலையில் யாரும் பேர் சொல்லித் தனித்தனியாகக் கூப்பிட்டதில்லை. "தோஸ்துங்க எங்க?" என்றுதான் கேட்பார்கள். ஒரே ஷிஃப்ட், ஒரே பைக், ஓயாத கிரிக்கெட் சண்டை. வெள்ளிக்கிழமைகளில் சலீமின் அம்மா தேவராஜுக்கென்று தனியாகக் கோழி பிரியாணி கட்டிக் கொடுப்பார்.

சலீமை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பிணவறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாக்கெட்டில் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. குழுவைத் திறந்தேன். தொட்டியின் படம் வந்திருந்தது. விசாரணைக்காக எங்கள் ஆள் எடுத்த படம். எப்படி வெளியே போனதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. திறந்த மூடி, அதன் விளிம்பில் தேவராஜின் செருப்பு. கீழே வரிசையாகக் கருத்துகள். 'அடிப்படை விதியே தெரியாதவன்.' 'இவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் ஏறாது.' ஒருவர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார். இன்னொருவர், குடித்திருப்பான் என்று ஊகித்திருந்தார். சற்று நேரத்தில் மற்றொருவர் அதையே உறுதியான செய்தியாக்கிவிட்டார்.

பதில் எழுத எனக்கு அனுமதி இல்லை. விசாரணை நடக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. குழுவில் இருந்தவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். அது எங்கள் தொழிற்சாலை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் ஒரு அழைப்பு வந்தது. எனக்கு முதன்முதலில் வேலை கொடுத்த மேலாளர். பல வருடங்களுக்கு முன்பே ஓய்வு பெற்றுக் காவேரிப்பாக்கத்தில் இருந்தார்.

"சாப்ட்டியா?" என்றார்.

"இல்ல சார்."

"இன்னா நடந்துச்சுன்னு நான் கேக்க மாட்டேன். நீயா சொல்ற அன்னிக்குக் கேட்டுக்கறேன். அந்தப் பையன் வூட்டுக்கு யாரு தகவல் சொன்னது?"

"ஹெச்.ஆர். போயிருக்காங்க சார்."

"நீ போ. நீ போகாம இருக்காத. நானும் பஸ் ஏறிட்டேன், வர்றேன்."

அவர் வந்தார். தேவராஜின் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எரித்துவிட்டு வரும்வரை என்னோடு இருந்தார். காரணம் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தத் துறையில் என்னைவிட எவ்வளவோ தெரிந்தவர் அவர். கேட்க அவருக்கு ஆயிரம் கேள்வி இருந்திருக்கும். அவற்றை அடக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரே, அதை நான் மறக்கவே இல்லை.

சில நாள் கழித்து இன்னொரு விஷயம் நடந்தது. சென்னையில் ஒரு பயிற்சியாளர் இருந்தார். நம் துறையில் பெயர் பெற்றவர். அவருடைய வகுப்புக்கு நானே ஆட்களை அனுப்பியிருக்கிறேன். தொழில்காரர்கள் கூடும் இணையதளத்தில் அவர் அந்தச் செருப்புப் படத்தோடு ஆங்கிலத்தில் ஒரு பதிவு போட்டார். தலைப்பு: 'ஹீரோ ஆகாதீர்கள். தேவராஜ் ஆகாதீர்கள்.' பயிற்சி இல்லாமல் காப்பாற்ற இறங்குகிறவன் இரண்டாவது பிணமாகிறான், உணர்ச்சி கொல்லும், அறிவுதான் காக்கும் என்று எழுதியிருந்தார். ஆயிரக்கணக்கானோர் லைக் போட்டார்கள். யாரோ அதைத் தமிழில் மாற்றி ஊரெல்லாம் அனுப்பினார்கள்.

சொல்லப்போனால் அந்தப் பதிவில் பொய் எதுவும் இல்லை. அதே விதியை நானும் வருடக்கணக்கில் தொழிலாளர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். 'யார் விழுந்தாலும் நீ இறங்காதே, ஆளைக் கூப்பிடு.' இருந்தும் அதை இரண்டாம் முறை படிக்க என்னால் முடியவில்லை.

மறுநாள் சலீமைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கைபேசியை என்னிடம் நீட்டினான். தமிழில் வந்த அந்தப் பதிவு திறந்திருந்தது.

"சார், அவன் எறங்குனது தப்புன்னு போட்டுக்கீறாங்க."

நான் கைபேசியை வாங்கிக் கட்டிலில் வைத்தேன்.

"அவன் எறங்கலன்னா நான் இல்ல சார். அப்போ நான் செத்திருக்கணும்னு சொல்றாங்களா? நான் இன்னா, ஒரு முட்டாளால பொழச்சவனா?"

விதி சரி. அவன் கேட்டதும் சரி. இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் காலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தேன்.

தேவராஜின் மனைவி கலா பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்த்தார். காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பினார். அங்கே பாதுகாப்பு அலுவலராக நஸீமா என்கிற இளம் பெண் புதிதாகச் சேர்ந்திருந்தார். வாணியம்பாடிக்காரர். பணி நிரந்தரம்கூட ஆகவில்லை. வாரம் ஒருநாள் காலையில் தையல் லைன் ஓடத் தொடங்கும் முன், தொழிலாளர்களை நிற்கவைத்துப் பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம் பேசுவது அவருடைய வேலை. அந்த வாரம் பேச, இணையத்தில் பரவியிருந்த அந்தப் பதிவை எடுத்துக்கொண்டார். கலா யாருடைய மனைவி என்று அவருக்குத் தெரியாது. கலா யாரிடமும் அதிகம் பேசுகிறவர் அல்ல. அவரை மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்ட மேற்பார்வையாளரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

பின்னால் நஸீமாவும் கலாவும் தனித்தனியே சொன்னதை வைத்து இதை எழுதுகிறேன்.

திரையில் படம் வந்தது. நஸீமா மைக்கில் கேட்டார்: "இந்தத் தேவராஜ் செஞ்ச தப்பு என்ன? யாராவது சொல்லுங்க."

பின்வரிசையிலிருந்து கலா கையைத் தூக்கினார். பதில் சொல்லப்போகிறார் என்று நினைத்து நஸீமா சிரித்த முகத்தோடு, "சொல்லுங்கக்கா" என்றார்.

"மேடம், அது எங்க வூட்டுக்காரர் செருப்பு."

நஸீமா திரையை அணைத்தார். மைக்கைக் கீழே வைத்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போகவில்லை. யாரையாவது கூப்பிட்டுக் கலாவை ஓய்வறைக்கு அனுப்பவும் இல்லை. முன்னாலிருந்து வரிசைகளுக்கு நடுவே நடந்து கலாவிடம் போனார்.

"அக்கா, வெளிய போலாமா? இங்கயே உக்காரலாமா?"

"இங்கயே."

இருவரும் தையல் மெஷின்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்திலிருந்த பெண்களும் உட்கார்ந்தார்கள். லைன் ஏன் ஓடவில்லை என்று கேட்டுக்கொண்டு உற்பத்தி மேலாளர் வந்தார். வேலைக்கு வந்து சில மாதமே ஆன நஸீமா உட்கார்ந்த இடத்திலிருந்தே அவரை நிமிர்ந்து பார்த்து, "கொஞ்ச நேரம் ஆகும் சார்" என்றார். மேலாளர் என்ன புரிந்துகொண்டாரோ, திரும்பிப் போய்விட்டார்.

அன்று மதியம் நஸீமா எனக்கு போன் செய்தார். அதற்கு முன் அவரை எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொன்னார். நான் அவரைத் தேற்ற ஆரம்பித்தேன். அவர் இடைமறித்தார்.

"அதுக்காகக் கூப்பிடல சார். அவர் எப்படிப்பட்டவர்னு தெரிஞ்சுக்கணும். நான் அவரைப் பத்தி அவ்ளோ பேர் முன்னாடி பேசிட்டேன். எனக்கு அவரைப் பத்தி ஒண்ணுமே தெரியாது."

எவ்வளவோ பேர் எவ்வளவோ எழுதிவிட்டார்கள். எங்கள் தொழிற்சாலைக்கு எத்தனையோ அதிகாரிகள் வந்து எத்தனையோ கேட்டார்கள். தேவராஜ் எப்படிப்பட்டவன் என்று கேட்ட முதல் ஆள் இந்தப் பெண்தான். சொன்னேன். ஐ.டி.ஐ. படித்தவன், பம்ப் சத்தத்துக்கு மேல் குரலெடுத்துப் பாடுவான், சாராயம் தொட்டதில்லை, தொழிற்சாலை நாய்களுக்கெல்லாம் பேர் வைத்திருந்தான், கலா ராத்திரி ஷிஃப்ட் போனால் காலையில் சமைத்து வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவான். பேசிக்கொண்டே போனேன். அவன் இறந்த பிறகு அவனைப் பற்றி வாய்விட்டுப் பேசியது அன்றுதான். போனை வைத்தபோது என் முகம் நனைந்திருந்தது.

பிறகு நஸீமா அந்தப் பயிற்சியாளரைப் பிடித்தார். பதிவின் கீழே போய்ச் சண்டை போடவில்லை. எண்ணைத் தேடி எடுத்து நேராகக் கூப்பிட்டார். பயிற்சியாளர் முதலில் விட்டுக்கொடுக்கவில்லை.

"உயிரைக் காப்பாத்தறதுக்காகத்தாம்மா போட்டேன். எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டா பாடம் போயிடும்."

"பாடத்த எடுக்கச் சொல்லல சார். ஒரு தடவ ஆம்பூர் வாங்க. அந்தப் பதிவ அவரோட மனைவி முன்னாடி படிச்சுக் காட்டுங்க. படிக்க முடிஞ்சா அப்படியே இருக்கட்டும்."

அவர் கோபப்பட்டு போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்ததாக நஸீமா பிறகு என்னிடம் சொன்னார். அவர் வைக்கவில்லை. அடுத்த வாரமே ரயிலேறி வந்தார். இந்தக் கதையில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் அவரும் ஒருவர். அவ்வளவு பெயர் பெற்ற ஒருவர் வராமலே இருந்திருக்கலாம். யாரும் அவரைக் கேள்வி கேட்டிருக்கப் போவதில்லை.

கலாவின் வீட்டில் சந்தித்தோம். கலா, சலீம், நஸீமா, பயிற்சியாளர், நான். சலீம் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தான். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. கலா எல்லோருக்கும் டீ கொடுத்தார். பயிற்சியாளர் கைபேசியை எடுத்தார், கண்ணாடியைப் போட்டார். பதிவைத் திறந்தார். தலைப்பின் முதல் இரண்டு சொல்லைப் படித்தார். அடுத்து வருவது அந்த வீட்டு மனிதரின் பெயர். அவர் கலாவை நிமிர்ந்து பார்த்தார். கைபேசியைத் திருப்பித் தரையில் வைத்துவிட்டார்.

"வருஷா வருஷம் இதே மாதிரி சாவும்மா" என்றார். "அந்தக் கோவத்துல எழுதிட்டேன். கோவம் யார் மேல வரணுமோ அவங்க மேல வரல."

கலா அழவில்லை, திட்டவும் இல்லை. ஒன்று கேட்டார்.

"சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. நீங்க அந்த மூடிகிட்ட நின்னுனு இருக்கீங்க. கீழ உங்க தோஸ்த் கெடக்கறாரு. இன்னா பண்ணுவீங்க?"

அந்த மனிதர் இந்தக் கேள்விக்கு வகுப்பில் நூறு முறை பதில் சொல்லியிருப்பார். நானும் சொல்லியிருப்பேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியலம்மா" என்றார். பிறகு, "எறங்கியிருப்பேன்னுதான் தோணுது."

"அதையும் எழுதுங்க சார். பாடம் வேணாம்னு சொல்லல. இன்னொருத்தி வூட்ல இது நடக்கக் கூடாது. அவரு பேரும் அந்தப் படமும் மட்டும் வேணாம்."

பயிற்சியாளர் சலீம் பக்கம் திரும்பி, "நீங்க பொழச்சதுல எனக்கு ரொம்ப சந்தோஷம் தம்பி" என்றார். சலீம் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. கலா எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பழைய பதிவு அன்றே நீக்கப்பட்டது. புதியதில் பெயர் இல்லை, படம் இல்லை. 'நானும் இறங்கியிருப்பேன்' என்று தொடங்கியது. 'நீங்களும் இறங்கியிருப்பீர்கள். கண்ணெதிரே நண்பன் விழுந்தால் மனிதன் இறங்குவான். அவன் இறங்க மாட்டான் என்று நம்பி ஒரு தொழிற்சாலையை நடத்த முடியாது. மூடிக்குப் பூட்டு இருந்ததா, கயிறும் கப்பியும் பக்கத்தில் இருந்தனவா என்று அவனை வேலைக்கு வைத்தவர்களைக் கேட்போம்.' எங்கள் தொட்டிக்குப் பூட்டு இருந்திருக்க வேண்டும், அன்று இல்லை. கயிறும் கப்பியும் கிடங்கில் கிடந்தன. விசாரணையில் அதுதான் வந்தது. அதற்கு நிர்வாகமும் நானும் பதில் சொன்னோம், சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான்.

இங்கே உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய பதிவு ஈரமில்லாதது. அதோடு, தொழில் ரீதியாகவும் அரைகுறையானது. செத்தவன் மேல் பழியைப் போட்டு முடித்துவிட்டதால், பூட்டைப் பற்றி அங்கே யாருமே கேட்கவில்லை. அவ்வளவு நிபுணர்கள் கூடியிருந்தும் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. கலாவின் முகத்தைப் பார்த்த பிறகு எழுதியதுதான் சரியான பாடமாகவும் அமைந்தது. மென்மையாகப் பேசினால் உண்மை நீர்த்துப்போகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எனக்குக் கிடைத்த அனுபவம் நேர்மாறானது.

புதிய பதிவு பழையது அளவுக்குப் பரவவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் பலர் அதை அச்செடுத்துத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். நஸீமா தன் லைனில் அதைப் படிக்கலாமா என்று கலாவிடம் கேட்டார். நீங்கள் வேண்டுமானால் அப்போது வெளியே இருங்கள் என்றும் சொன்னார். "நானும் இருக்கேன், படிங்க" என்றாராம் கலா.

ஒரு விபத்தைப் பற்றி எழுதும் முன் கொஞ்சம் காத்திருங்கள். சொந்தக்காரர்களுக்குத் தகவல் போய்ச் சேரட்டும். நீங்கள் ஊகிப்பது ஊருக்குள் செய்தியாகிவிடும். தேவராஜ் குடித்திருந்தான் என்ற பேச்சு அவன் அம்மாவின் காதுக்குப் போய், அதைத் துடைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. விபத்து நடந்த இடத்தில் உங்களைப் போலவே ஒரு பாதுகாப்பு அலுவலர் இருப்பார். கேள்வி கேட்காமல் அவருக்கு ஒரு போன் செய்யுங்கள், சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அவர் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார். நான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். கொஞ்ச நாளைக்கு முன் வேறு மாவட்டத்தில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் வெடித்து ஒருவர் இறந்துபோனார். மறுநாள் காலை குழுவில் ஒருவர், யாரிடமாவது படம் இருக்கிறதா, ஆபரேட்டர் தூங்கிவிட்டாரா என்று கேட்டார். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நஸீமா எழுதிவிட்டார்: 'அவர் குடும்பத்தைச் சேர்ந்த யாராவது இங்கே இருக்கலாம். அப்படி இருந்தால், உங்கள் துக்கத்தில் நாங்களும் இருக்கிறோம். படம் வேண்டாம் நண்பர்களே. காரணத்தை விசாரணை முடிந்ததும் பேசுவோம்.'

அந்தச் சென்னைப் பயிற்சியாளர் அதன் கீழே கைகூப்பும் பொம்மை போட்டார். கேள்வி கேட்டவர் தன் செய்தியை எடுத்துவிட்டு, மன்னியுங்கள் என்று எழுதினார். ஒவ்வொருவராக வந்து அனுதாபம் சொன்னார்கள். மதியம் ஒரு செய்தி வந்தது. குழுவில் அதுவரை ஒருமுறைகூடப் பேசியிராத எண்.

'நன்றி. இறந்தவர் என் அண்ணன். நேற்றிலிருந்து இந்தக் குழுவைத் திறக்கப் பயந்துகொண்டிருந்தேன்.'